புழு இல்லை என்னும் சான்று

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருப்பவரின் கோப்பைப் புரட்டினால் சோதனைச் சீட்டுகள் கத்தையாக இருக்கும். இரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், இதயத்தின் எக்கோ, கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள், எச்ஐவி, காசநோய்க்காக நெஞ்சு எக்ஸ்ரே. அவற்றுக்கு நடுவே மலப் பரிசோதனைச் சீட்டும் ஒன்று இருக்கும்; முட்டையோ புழுவோ காணப்படவில்லை என்று அதில் எழுதியிருக்கும். கிட்னி கெட்டுப்போனதற்கு மலத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று குடும்பத்தார் கேட்பது நியாயம்தான். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தச் சீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. ஒரு குறிப்பிட்ட புழுவைப் பொறுத்தவரை அதை நம்பவே கூடாது என்பது என் கருத்து. அந்தப் புழுவை இரத்தப் பரிசோதனையால் தேட வேண்டும். தேட வசதியில்லாத இடத்தில், இருப்பதாகவே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் செய்ய ஏற்ற காலம் அறுவைக்கு முன்பு காத்திருக்கும் காலம்தான். ஏன் என்று புரிய, புழுக்களின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் குடலில் வாழும் புழுக்களில் பெரும்பாலானவை ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நாக்குப்பூச்சி என்று சொல்லப்படும் உருண்டைப்புழு நாளொன்றுக்கு லட்சத்துக்கு மேல் முட்டையிடக் கூடியது. ஆனால் அந்த முட்டைகளில் ஒன்றுகூட அதே குடலில் புழுவாக வளராது. மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகே அது தொற்றும் தகுதியைப் பெறும். கொக்கிப்புழுவும் அப்படித்தான்: முட்டை மண்ணில் பொரிந்து, அதிலிருந்து வரும் இளம்புழு செருப்பில்லாத பாதத்தைத் துளைத்து உள்ளே வரும். ஆகவே ஒருவர் குடலில் 20 கொக்கிப்புழுக்கள் இருந்தால், அந்த இருபதும் தனித்தனியே வெளியிலிருந்து வந்தவை. புதிதாக எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், இருப்பவை சில ஆண்டுகளில் செத்து ஒழிந்துவிடும். நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்தாலும் இவற்றின் எண்ணிக்கை கூடுவதற்கு வழியில்லை. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிச் சோகையைத் தரும், அது வேறு தொல்லை. உறுப்பு மாற்று மருத்துவர்களின் அச்சம் அதைப் பற்றியதல்ல.

இந்தக் கட்டுப்பாட்டை மீறும் புழுவின் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ். பெண்புழு இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். அதுவும் நூலிழைபோல் மெலிந்தது. இங்கே இழைப்புழு என்றே அழைப்போம். 1876இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பணியாற்றிய லூயி நோர்மான் என்ற கடற்படை மருத்துவர், இன்றைய தெற்கு வியட்நாமான கொச்சின்சீனாவிலிருந்து தீராத வயிற்றுப்போக்கோடு திரும்பிய சிப்பாய்களின் மலத்தில் இதை முதலில் கண்டார். இது உடலுக்குள் வரும் வழி கொக்கிப்புழுவின் வழியேதான்: ஈர மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக இரத்தத்துக்கு, அங்கிருந்து நுரையீரலுக்கு, பிறகு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு. வேறுபாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. குடலில் குடியிருப்பது பெண் மட்டுமே. ஆணில்லாமலே முட்டையிடும். அந்த முட்டை குடல்சுவரிலேயே பொரிந்துவிடும். வெளிவரும் இளம்புழுக்களில் பெரும்பங்கு மலத்தோடு போய்விட, சில மட்டும் பாதையிலேயே அவசரமாக முதிர்ந்து, குடலின் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்துக்கொண்டு மறுபடி இரத்தத்தில் கலந்து, நுரையீரலைச் சுற்றிக் குடலுக்கே வந்து சேரும். வெளியிலிருந்து எந்தத் தொற்றும் தேவையில்லாமல் ஓர் உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இந்த ஏற்பாட்டைச் சுயதொற்று என்கிறார்கள்.

சுயதொற்று உண்மையிலேயே நடக்கிறது, அதுவும் ஆயுள் முழுக்க நடக்கிறது என்று எப்படித் தெரியும்? புழு உள்ள நாட்டிலேயே வாழும் ஒருவரிடம் இதை நிரூபிக்க முடியாது. நேற்று வயலில் தொற்றியதா, நாற்பது ஆண்டுக்கு முன் தொற்றியதா என்று பிரித்தறிய வழியில்லை. வேண்டிய சோதனையைப் போர் நடத்திக் கொடுத்தது. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அதில் வதைபட்டவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளர்களும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அவர்களில் அடக்கம். வெறுங்கால், சேறு, நிரம்பி வழிந்த கழிவுக்குழிகள்: இழைப்புழுவுக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிடைக்காது. பிழைத்த பிரிட்டிஷ் வீரர்கள் ஊர் திரும்பினார்கள். இங்கிலாந்தின் குளிர்ந்த மண்ணில் இந்தப் புழு தொற்றுவதில்லை. ஆனாலும் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1968க்கும் 2002க்கும் இடையே பரிசோதித்த இரண்டாயிரத்துச் சொச்சம் முன்னாள் கைதிகளில் 12 விழுக்காட்டினரிடம் புழு இருந்தது. பலருக்கு இடுப்பிலும் முதுகிலும் சிவந்த கோடு ஒன்று திடீரென்று எழுந்து, மணிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து, பிறகு மறையும். தோலுக்கடியில் இளம்புழு ஓடும் தடம் அது. அதே பாதையில் வேலை செய்து பிழைத்த தமிழர்கள் மலாயாவுக்கும் சிலர் தமிழ்நாட்டுக்கும் திரும்பியிருப்பார்கள். அறிவியலுக்குச் சான்றாக நின்றவர்கள் குளிர்நாட்டுக்குத் திரும்பியவர்கள் மட்டும்தான். வெப்பநாட்டுக்குத் திரும்பியவர்களின் உடல் சாட்சியாக எடுபட்டிருக்காது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. தானே பெருகக்கூடிய புழு, நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒருவருக்குள் இருந்தும் ஏன் அவரைக் கொல்லவில்லை? வயலில் கோரைப்புல்லைப் பார்த்தவர்களுக்கு விடை எளிதாகப் பிடிபடும். மேலே பிடுங்கினாலும் மண்ணுக்குள் கோரைக்கிழங்கு கிடந்துகொண்டே இருக்கும். ஆனால் பயிர் நெருக்கமாக வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் கோரையால் தலைதூக்க முடியாது. நிழலில் அது சவலையாகி ஒடுங்கிக் கிடக்கும். பயிரை அறுத்து வெயில் விழுந்த மறுவாரம் பார்த்தால் வயலே கோரையாக இருக்கும். இழைப்புழுவுக்கு நிழல் கட்டுவது நம் நோய் எதிர்ப்பாற்றலின் ஒரு பிரிவு. ஈசினோபில் என்ற வெள்ளையணுக்களும், ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஆன்டிபாடிகளும் திசுவுக்குள் நுழையும் இளம்புழுக்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகின்றன. தப்பிப் பிழைப்பவை, செத்துப்போன தாய்ப்புழுக்களின் இடத்தை நிரப்பும் அளவுக்குத்தான் இருக்கும். புழுவும் ஒழிவதில்லை, ஆளும் விழுவதில்லை. பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

மாற்று உறுப்பைப் பெறுபவருக்கு நாம் செய்வது, தெரிந்தே பயிரை அறுப்பதுதான். புதிய சிறுநீரகத்தை அந்நியமென்று உடல் தாக்காமலிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் வேண்டும். அறுவையின்போது மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு அதிக அளவில் நரம்பு வழியே ஏறும். பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், பிரெட்னிசலோன் மாத்திரை. ஸ்டீராய்டு வாங்கிய நோயாளிகள் இழைப்புழுவால் இறப்பதை 1966லேயே பிரேசில் மருத்துவர்கள் எழுதினார்கள். எதிர்ப்பாற்றல் எந்த வகையில் குறைந்தாலும் இது நடக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். எய்ட்ஸ் வந்தபோது, உடலெங்கும் பரவும் இழைப்புழு நோயை எய்ட்ஸின் அடையாளங்களில் ஒன்றாகவே முதலில் சேர்த்தார்கள். எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை. ஆப்பிரிக்காவில் எச்ஐவியும் இழைப்புழுவும் சேர்ந்திருந்தவர்கள் ஏராளம். ஆனாலும் புழு கட்டுமீறிய நிகழ்வுகள் அரிதாகவே இருந்தன. 1987இல் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். மறுபக்கம், எச்டிஎல்வி-1 என்ற இன்னொரு வைரஸ் தொற்றியவர்களிடம் புழு தறிகெட்டுப் பெருகியது. அந்த வைரஸ் எதிர்ப்பாற்றலை முழுவதும் அழிப்பதில்லை. புழுவை அடக்கும் அந்த ஒரு பிரிவைத்தான் மழுங்கடிக்கிறது. ஸ்டீராய்டும் ஈசினோபில்களை இரத்தத்திலிருந்து ஏறக்குறைய துடைத்துவிடும். எதிர்ப்பாற்றல் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்தப் பிரிவு போனது என்பதே முக்கியம் என்று இந்த இரண்டு வைரஸ்களின் ஒப்பீடு காட்டியது.

ஸ்டீராய்டின் மேல் இன்னொரு சந்தேகமும் உண்டு. நூற்புழு இனங்களில் இளம்புழு எப்போது முதிர வேண்டும் என்பதை ஸ்டீராய்டு வகைப் பொருள்களே கட்டளையிடுகின்றன. அவற்றை ஏற்கும் டிஏஎஃப்-12 என்ற புரதம் இழைப்புழுவிலும் இருப்பது 2009இல் தெரியவந்தது. நாம் கொடுக்கும் மருந்து உடலில் உருமாறி, குடலிலிருக்கும் இளம்புழுவுக்கு ‘இங்கேயே முதிர்ந்துவிடு’ என்ற ஆணையாகப் போய்ச் சேர்கிறதோ என்பது இதிலிருந்து எழுந்த கருதுகோள். கவர்ச்சியான எண்ணம், இன்னும் கருதுகோள்தான். உறுதியாகத் தெரிந்தது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல என்பது. 1980களில் சைக்ளோஸ்போரின் புழக்கத்துக்கு வந்ததும் மாற்றுச் சிறுநீரகக்காரர்களிடையே இந்த ஆபத்து குறைந்ததுபோலத் தெரிந்தது. அந்த மருந்துக்கே புழுவை ஒடுக்கும் குணம் இருப்பதை விலங்குச் சோதனைகள் காட்டின. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் டாக்ரோலிமஸ் பிடித்துவிட்டது. அந்தத் தற்செயலான பாதுகாப்பு இப்போது இருப்பதாகக் கொள்ள முடியாது.

கட்டு அவிழ்ந்தபின் நடப்பதை மிகைத்தொற்று என்கிறார்கள். பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். குடலில் உருவாகும் இளம்புழுக்கள் பல்லாயிரமாகச் சுவரைத் துளைக்கின்றன. நுரையீரலில் இரத்தம் கசிகிறது. சில கல்லீரலுக்கும் மூளைக்கும் போகின்றன. இதில் கொடுமை, அவை தனியே போவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களைத் தம் உடலோடு இழுத்துக்கொண்டு போகின்றன. அதனால் நோயாளி மருத்துவர் முன் வரும்போது புழு நோயாளியாக வருவதில்லை. இரத்தத்தில் நஞ்சேறியவராக, மூளைக்காய்ச்சல்காரராக, நிமோனியாக்காரராக வருகிறார். இரத்தத்தை வளர்த்துப் பார்த்தால் ஈ. கோலை போன்ற குடல் பாக்டீரியா கிடைக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், கொஞ்சம் தெளியும், மறுபடி வரும். புழுவை யாரும் தேடாவிட்டால் இறப்புச் சான்றிதழில் பாக்டீரியாவின் பெயரே ஏறும். மிகைத்தொற்று கண்டவர்களில் பாதிக்கு மேல் இறப்பதாகவே பெரும்பாலான தொகுப்புகள் சொல்கின்றன.

அப்படியானால் முன்கூட்டியே மலத்தைப் பார்த்தோமே, அதில் தெரியவில்லையா? தெரியாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்தப் புழுவின் முட்டை குடலிலேயே பொரிந்துவிடுவதால் முட்டையைத் தேடிப் பயனில்லை. இளம்புழுவைத்தான் தேட வேண்டும். ஒடுங்கிக் கிடக்கும் தொற்றில் அது மிகச் சிலவாக, ஒருநாள் வந்து மறுநாள் வராமல் வெளியேறும். கண்ணாடித் தகட்டில் தடவும் மலம் ஒரு கடுகளவு. ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்தால், உண்மையில் தொற்றுள்ளவர்களில் மூன்றில் ஒருவர்தான் அகப்படுவார். மற்ற இருவருக்கும் ‘இல்லை’ என்ற சீட்டு கிடைக்கும். இதை மேம்படுத்த நல்ல உபாயங்கள் உண்டு. டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய பேர்மான் என்ற மருத்துவர் 1917இல் வெளியிட்ட முறையில், வெதுவெதுப்பான நீருக்கு மேல் மெல்லிய துணியில் மாதிரியை வைத்தால் உயிருள்ள இளம்புழுக்கள் தாமே நெளிந்து நீருக்குள் இறங்கிவிடும். இன்னொன்று அகார் தட்டு முறை. கூழ்போன்ற அகார் மேல் மலத்தை வைத்து இரண்டு மூன்று நாள் விட்டால், இளம்புழு ஊர்ந்த வழியெல்லாம் அது சுமந்து சென்ற பாக்டீரியா முளைத்து, கோலம் வரைந்ததுபோல் தடம் தெரியும். (இந்த ஊர்தலைத்தான் நோயாளியின் உடலுக்குள் இரத்தத்தை நஞ்சாக்குவதாகப் பார்த்தோம்.) நல்ல முறைகள்தான். ஆனால் பல நாள் மாதிரி, பழகிய கை, பொறுமை, எல்லாம் வேண்டும். சாதாரண ஆய்வகத்தில் இவை நடப்பதில்லை.

ஆகவே புழுவைத் தேடுவதைவிட, புழுவுக்கு எதிராக உடல் செய்துவைத்த ஆன்டிபாடியை இரத்தத்தில் தேடுவது மேல். இது தொற்றுள்ள பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேரைக் காட்டிக்கொடுக்கும். யானைக்கால் புழு போன்ற மற்றப் புழுக்களோடு குழம்பி, தொற்றில்லாத சிலரையும் உள்ளவராகக் காட்டும் என்பது குறை. பெரிய குறையல்ல, தவறாக அகப்பட்டவருக்கு நேரும் இழப்பு இரண்டொரு வேளை மாத்திரை. ஆனால் இந்தச் சோதனைக்கும் காலம் முக்கியம். எதிர்ப்பாற்றலை அடக்கிய பிறகு ஆன்டிபாடியும் குறையும், ஈசினோபிலும் குறையும். அறுவைக்குப் பின் தேடினால் கருவி மழுங்கிவிட்டிருக்கும். டயாலிசிஸில் இருப்பவரிடமே எதிர்ப்பாற்றல் ஓரளவு தளர்ந்திருக்கும் என்பதால், காத்திருப்பின் தொடக்கத்திலேயே பார்ப்பது நல்லது.

மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் சடோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற அளவில், 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். வழக்கமாக ஒன்றிரண்டு நாள் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுப்பார்கள். முதல் தடவை திசுக்களில் பயணம் செய்துகொண்டிருந்ததால் தப்பிய இளம்புழுக்கள் அதற்குள் குடலுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்பது இதன் கணக்கு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் இந்த மருந்தைக் கையாள்வது கல்லீரல், வெளியேற்றுவது மலம்; சிறுநீரில் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. யோசித்துக் கொடுக்க வேண்டியவர்கள் கல்லீரலுக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

இவ்வளவுக்கும் மறுப்பு உண்டு. முதலாவது: நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் பூச்சி மாத்திரை கொடுக்கிறோமே, அது போதாதா? தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. கொடுப்பது அல்பெண்டசோல் ஒரு வேளை, அதுவும் 19 வயது வரைதான். உருண்டைப்புழுவுக்கு அது சரியான அடி. இழைப்புழுவுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் பெரிதாக எதுவும் செய்யாது. உறுப்புக்குக் காத்திருப்போரில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் வருமுன்பே வளர்ந்து வயலில் கால் வைத்தவர்கள். இரண்டாவது: இப்படி நடப்பது அரிது, அதற்காக எல்லோருக்கும் மருந்தா? அரிதாகப் பதிவாகிறது என்பது உண்மை. பாக்டீரியாவின் பெயரில் எழுதப்பட்ட இறப்புகளை யார் எண்ணினார்கள்? உலகில் 30 கோடி முதல் 60 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அதற்கு வழிகாட்டிய மருத்துவம் பாஸ்டன் போன்ற, இந்தப் புழு அதிகம் இல்லாத ஊர்களில் வளர்ந்தது. அங்கே அரிது என்பதை இங்கேயும் அரிது என்று படிப்பது சரியாகாது. ஆட்டுப் புழுக்களில் ஐவர்மெக்டினை மீறுபவை உருவாகிவிட்டன என்பது மூன்றாவது மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. ஊர் முழுக்க ஆண்டுதோறும் கொடுப்பதென்றால் அதை எண்ணிப்பார்க்க வேண்டும். பட்டியலில் காத்திருப்பவர்களால் மட்டும் அந்த நிலை வராது.

கொரோனாக் காலத்தில் ஐவர்மெக்டின் பெற்ற வீண்புகழும், அதையொட்டி வந்த கெட்டபெயரும் சிலரைத் தயங்க வைக்கலாம். அந்தக் கதைக்குள்ளும் இழைப்புழு இருந்தது. மருந்து கொரோனாவுக்குப் பயன்படுகிறதா என்று சோதித்த ஆய்வுகளை 2022இல் ஒரு குழு பிரித்துப் பார்த்தபோது, இழைப்புழு மிகுந்த நாடுகளின் ஆய்வுகளில்தான் பயன் தெரிந்தது, குறைந்த நாடுகளில் தெரியவில்லை. கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்த டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. ஐவர்மெக்டின் வைரஸைத் தொடாமல், ஸ்டீராய்டு எழுப்பிவிடும் புழுவைத்தான் கொன்றிருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதே வலுவான மறுப்பு. வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றைச்செல் உயிரிகளுக்கு அந்த அணுகுமுறை ஓரளவு பொருந்தும். அவை தண்ணீரில் வருபவை, இன்று இல்லாதவருக்கு நாளை தொற்றலாம். கொதித்த நீரும், வயிற்றுப்போக்கு வந்த உடனே சோதிப்பதுமே வழி. இழைப்புழு விஷயத்தில் காத்திருந்தால் மருந்தைச் செலுத்தவே வழியில்லாமல் போகலாம். மிகைத்தொற்றில் குடல் இயக்கம் நின்றுவிடும், மாத்திரை உறிஞ்சப்படாது. மனிதர்களுக்கென்று அனுமதி பெற்ற ஐவர்மெக்டின் ஊசி கிடையாது. மாட்டுக்குப் போடும் ஊசியை, உரிய அனுமதிகளோடு, தோலுக்கடியில் செலுத்திச் சில நோயாளிகளை மருத்துவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். சிலரைக் காப்பாற்ற முடியவில்லை.

பெறுபவரைச் சுத்தம் செய்துவிட்டாலும் புழு புதிய உறுப்போடு வரலாம். 2012இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நால்வரில் மூவருக்கு இழைப்புழு வந்தது. கொடையாளரின் சேமித்து வைத்த இரத்தத்தைப் பிறகு சோதித்தபோது ஆன்டிபாடி இருந்தது. உயிருடன் இருக்கும் கொடையாளர், பெரும்பாலும் தாயோ கணவரோ உடன்பிறந்தவரோ, அறுவைக்குச் சில வாரம் முன்பே சோதித்து மாத்திரை விழுங்கிவிடலாம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்கும்போது மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும். சோதனை முடிவுக்காக இதயத்தையோ கல்லீரலையோ நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தவும் தேவையில்லை. இரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு அறுவையை நடத்தலாம். முடிவு சில நாள் கழித்து வந்து ‘தொற்று உண்டு’ என்றால், அந்த உறுப்புகளைப் பெற்ற எல்லோருக்கும் அன்றே ஐவர்மெக்டின் தொடங்கலாம். மிகைத்தொற்றுக்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். முடிவு வெவ்வேறு மருத்துவமனைகளில் படுத்திருக்கும் நான்கைந்து பேரின் மருத்துவர்களுக்கும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். அதைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை அறுவைக்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.